ராஜவேல் ஆஜர்

“அவன் தற்கொலை பண்ணிக்கிட்டான்னு அந்தக் கல்லுல எழுதுங்க. எழுதினாத்தான் ஆர்டர் குடுப்பேன்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று செந்தமிழ்ச்செல்வியிடம் சொல்லியிருந்தார்கள். போனில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை, அவள் அம்மா மூலமாக ஒரு தடவை. முதலியார்பேட்டைப் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியவள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள். ராஜவேல் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. செத்த நாளிலிருந்து அவன் குரல், அவனோடு ராணுவப் பயிற்சிக் கழகத்தில் படித்தவர்களின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. யாராவது அவர்களைப் பார்த்து எப்படி இருக்கே என்று கேட்டால், எந்த மொழியில் கேட்டாலும், பதில் ராஜவேலின் குரலில், முதலியார்பேட்டைத் தமிழில் வரும். மற்றபடி அவர்கள் அவரவர் குரலில் பேசினார்கள், அதட்டினார்கள், சம்பளம் வாங்கினார்கள்.

இது முதலில் நடந்தது கர்னல் குர்பிரீத் சிங்குக்கு. பஞ்சாபி. ‘சாப்டியா’ தவிர ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. அதையும் சொல்லிக்கொடுத்தது ராஜவேல்தான். பனிமலை முகாமொன்றில் ஆய்வுக்கு வந்த ஜெனரல் கைகுலுக்கி நலம் விசாரித்தபோது, அவன் தாடிக்குள்ளிருந்து, “நல்லா இல்ல சார். தூக்கம் வரல. யாருகிட்ட சொல்றதுன்னும் தெரியல” என்று தெளிவாக வந்தது. ஜெனரல் அதை ஏதோ தென்னாட்டு வணக்கம் என்று எடுத்துக்கொண்டு, மிக்க மகிழ்ச்சி என்று சொல்லி அடுத்த ஆளிடம் போனார். வரிசையில் இருந்த தமிழ்ச் சிப்பாய்கள் மட்டும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்து புனேயில் ஒருவனுக்குப் பல் டாக்டரின் நாற்காலியில், ஷில்லாங்கில் ஒருவனுக்கு மாமனார் வீட்டு விருந்தில். பெரிய ஆஸ்பத்திரிகளில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள்; தொண்டை நல்ல தொண்டையாக இருந்தது. நாலைந்து பேருக்குத் தங்களிடம் இந்தக் கோளாறு இருப்பதே பல வாரம் தெரியவில்லை. அதுவரை அவர்களை யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

ராஜவேலின் அப்பா பெயர் பாவாடை, மில் தொழிலாளி. மில்லை மூடின பிறகு ஒரு ஏடிஎம் வாசலில் காவல் இருந்து செத்துப்போனார். அந்தத் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர்களின் வீடுகளும் உண்டு; சொல்தா வீடு என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் விடுவார். அந்தச் சொல்தாக்களுக்குப் பிரான்சு பென்ஷன் அனுப்பியது; வருடத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கிறீர்களா என்று காகிதம் போட்டும் கேட்டது. ராஜவேல் பத்து வருடக் குறுகிய காலப் பணி முடித்து மேஜராக வீடு திரும்பினான். குறுகிய காலம் என்பதால் பென்ஷன் கிடையாது. ஆகவே அவன் உயிரோடு இருக்கிறானா என்று எந்த அரசாங்கமும் கேட்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்தான். எல்லையைக் காத்தவன் சோப்பைக் காத்தான். தெரு அதைப் பெரிய முன்னேற்றம் என்றே சொன்னது, வீட்டோடு வந்துவிட்டானே என்று.

செல்வியும் அதே அணி, அதே பத்து வருடம். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவன் வீட்டில் அவன். கழகத்தின் சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் முள்கரண்டியைத் தாய்ப்பாலோடு பழகியவர்கள் மாதிரி எடுத்தபோது, இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்து எடுத்தார்கள். அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஆஜர் எடுக்கும்போது ஒருவன் வரவில்லை என்றால், பக்கத்தில் நிற்பவன் அவன் குரலில் ஆஜர் சொல்லிவிட வேண்டும். சொல்லாதவன் மனுஷனே இல்லை. செல்வி காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாளில் ராஜவேல் பெண் குரலில் ஆஜர் சொல்லிப் பிடிபட்டு, துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான். சுற்றும்போதும் சிரித்துக்கொண்டேதான் சுற்றினான்.

பயிற்சி முடிந்து ஆளுக்கொரு மூலைக்குப் போன பிறகு, ஞாயிறுதோறும் அணியின் வாட்ஸப் குழுவில் அவர்களில் ஒருவனான ஹரிகிருஷ்ணன் ஆஜர் எடுத்தான். ராஜவேல் பதில் போடாத ஞாயிறுகளில், பழைய பாசத்தில் யாராவது ஒருவர் ‘ராஜவேல் ஆஜர்’ என்று தட்டிவிடுவார்கள். அதைப் பார்த்த மற்றவர்கள், சரி, இவன் அவனோடு பேசியிருப்பான் என்று நிம்மதியானார்கள். அடுத்த வாரம் நிம்மதியானவர்களில் ஒருவன் தட்டினான். இப்படியாக ராஜவேல் ஒன்றரை வருடம் ஒரு ஞாயிறு தவறாமல் ஆஜரானான். ஒரு தடவை செல்வியும் தட்டினாள். உழவர்கரையில் அவள் வீட்டிலிருந்து அவன் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம்.

அவன் எப்படிச் செத்தான் என்பது இந்த வரலாற்றுக்குத் தேவையில்லை. தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான் என்பது தேவை. துக்கத்துக்கு வந்த ஹரிகிருஷ்ணன் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் அதை மாரடைப்பு ஆக்கினான். மாரடைப்பு மரியாதையான சாவு. மாலை வைக்கலாம், மைக்கில் சொல்லலாம். தெருவில் எல்லோருக்கும் உண்மை தெரியும், ஆகவே எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். குரல் விஷயம் ஊருக்குத் தெரிந்தபோது தக்காளி விலை ஏறியிருந்தது. தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

குழுவுக்குத் தலைவன் மாதிரி இருந்த ஹரிகிருஷ்ணன் முதலில் ஓர் அறிவுரை அனுப்பினான்: ஒருவரை ஒருவர் குட் மார்னிங்கோடு நிறுத்திக்கொள்ளவும், நலம் விசாரிக்க வேண்டாம். அது பலன் தரவில்லை. பெண்டாட்டிகளும் டாக்டர்களும் கேட்டுவிட்டார்கள். பிறகு ஒரு படைப்பிரிவின் பூசாரி காரணம் கண்டுபிடித்தார். கடைசிப் பயிற்சி நாளில் அணிக்குக் கட்டளை சொன்னவள் செல்வி. சாவ்தான் என்றாள், அதாவது விறைத்து நில். விசர்ஜன் என்று சொல்வதற்குள், அதாவது கலைந்து போ என்பதற்குள், மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் ஓடிவிட்டார்கள். ஆக அந்த அணி இன்னும் கலையவில்லை, ராஜவேலும் நின்றுகொண்டே இருக்கிறான், அவள் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போய்விடுவான் என்றார் பூசாரி. படித்த கர்னல்கள் எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. ராஜவேல் படித்த பள்ளியில் குடிநீர்த் தொட்டி ஒன்று கட்டி, ‘திடீர் மாரடைப்பால் மறைந்த மேஜர் ராஜவேல் நினைவாக’ என்று பளிங்குக் கல் பதித்து, கல்லைத் திறந்த கையோடு அணியையும் கலைத்துவிடுவது என்று ஏற்பாடாயிற்று.

இப்படித்தான் ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில், கழகச் சின்னம் வைத்த நீலக் கோட்டும் டையுமாக அத்தனை பேரும் அந்த மைதானத்தில் வேர்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஹரிகிருஷ்ணன் செல்வியை ஓரமாகக் கூப்பிட்டான். “இந்தப் பேச்ச மட்டும் எடுக்காதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?”

“மூணு வாட்டி. இப்ப கல்லு விஷயத்துக்கு வா.”

“புள்ளைங்க தண்ணி குடிக்கிற எடம் செல்வி.”

“அதான் கேக்கறேன். தண்ணி குடிக்கிற எடத்துல எதுக்குப் பொய்யி?”

“அவன் பேரு கெட்டுடும்.”

“ஒம் போனுல அவன் பேரு என்னான்னு இருக்கு? சோப்பு ராஜு. அந்தப் பேரா?”

சக்கரபாணி என்றொரு கர்னல், பேச்சுவார்த்தையில் பயிற்சி பெற்றவன், நடுவில் வந்தான். மாரடைப்பை எடுத்துவிடலாம், அகால மரணம் என்று போடலாம் என்றான். எதிர்பாராத மறைவு என்று இறங்கினான். பின்னாலிருந்து யாரோ இயற்கை எய்தினார் என்று எடுத்துக்கொடுத்தார்கள்.

“மீன் மார்க்கெட்டாடா இது?” என்றாள் செல்வி. “ஆளுக்கொரு வெலை சொல்றீங்க.”

அப்போது ராஜவேலின் அம்மா தனக்கொடி வயர் கூடையோடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை. தெருவுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது, அவ்வளவுதான். ஹரிகிருஷ்ணன் ஓடிப்போய் நாற்காலி போட்டு, கல்லைப் பற்றி மரியாதையாக எடுத்துச் சொன்னான்.

“என்னா வேணா எழுதிக்கோங்கப்பா. எனக்குப் படிக்கத் தெரியாது” என்றார். நேராகக் குர்பிரீத்திடம் போய் நின்று, அண்ணாந்து, “எப்படிப்பா இருக்க?” என்று கேட்டார்.

“நல்லா இல்லம்மா” என்றது ராஜவேலின் குரல்.

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

அந்தக் குரல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். தனக்கொடி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, “சாப்டியா?” என்றார். குர்பிரீத் தன் சொந்தக் குரலில், தெரிந்த ஒரே தமிழில், “சாப்டியா” என்று தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தனக்கொடி செல்வி பக்கம் திரும்பினார். “துக்கம் கேக்க இந்தப் புள்ள போன் பண்ணப்பதான் மொதல்ல கேட்டேன், எம் பையன் கொரல. அப்புறம் நம்பரு கெடச்ச ஒவ்வொருத்தருக்கா நானே போட்டுக் கேட்டுக்கினு இருந்தேன். இப்ப யாரும் எடுக்க மாட்டேன்றாங்க. அதான் நேருல வந்துட்டேன்.”

செல்வி ஹரிகிருஷ்ணனைப் பார்த்தாள். அவன் தன் டையைச் சரிசெய்தான். அவன் அனுப்பிய அறிவுரையில், ராஜவேலின் அம்மா போன் போட்டால் எடுக்க வேண்டாம் என்று இரண்டாவது பத்தி ஒன்று இருந்தது. செல்விக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் அது இல்லை.

“சரி, எழுதறோம்” என்றான் அவசரமாக. “புதுக் கல்லு. நீ சொன்ன வார்த்தையே. இப்ப ஆர்டர் குடு, அவங்க எதிர்ல எதுக்கு இதெல்லாம்.”

இத்தனை மாதம் அவள் சண்டை போட்டது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். கிடைத்துவிட்டது, அதுவும் அந்த அம்மாவைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதற்காக. செல்வி ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“எழுதுங்க. எழுதலன்னா நானே வந்து செதுக்குவேன்” என்றாள். “வரிசையா நில்லுங்க.”

நின்றார்கள். அவள் மைதானத்தின் நடுவில் போய் நின்று, தென்னை மரத்துக் காக்காய்கள் எழும்பிப் பறக்கும்படி சாவ்தான் என்றாள். அத்தனை குதிகால்களும் ஒன்றாக அடித்தன. சாவ்தானில் நிற்பவன் கொசு கடித்தாலும் அசையக் கூடாது, பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமலும் இருக்கக் கூடாது. பதிமூன்று வருடமாக எலும்பில் ஏறிய பழக்கம்.

“போங்கம்மா” என்றாள் செல்வி. “போயி கேளுங்க. ஒருத்தரும் நகர மாட்டாங்க.”

தனக்கொடி வரிசையின் முதல் ஆளிடம் போனார். எப்படிப்பா இருக்க. நல்லா இல்லம்மா. அடுத்தவன். தூக்கம் வரலம்மா. அடுத்தவன். ஆவடிக்காரன், அசாம்காரன், மலையாளி, எல்லோரிடமும் ஒரே பையன். ஹரிகிருஷ்ணனிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். அவன் வாயிலிருந்து, “ஒண்ணுமில்லம்மா, நீ தூங்கு” என்று வந்தது. அது ராஜவேல் உயிரோடு இருந்தபோது அவரிடம் சொல்லிவந்த பதில். வரிசை முடிந்ததும் சுற்றிக்கொண்டு செல்வியிடம் வந்தார்.

அவள் வாயில் அந்தக் குரல் வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாது. ஏழு மாதமாக அவளிடம் எல்லோரும் கல்யாணம் எப்போது என்றுதான் கேட்டார்கள்.

“நீ எப்படிம்மா இருக்க?”

வரிசை முழுக்கக் காது கொடுத்து நின்றது. வந்தது ராஜவேலின் குரல் இல்லை. செல்வியின் குரல்தான்.

“நல்லா இல்லம்மா.”

தனக்கொடி அவள் தோளைத் தொட்டு, கூடையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். புதுத் தொட்டிக்கு இன்னும் குழாய் இணைப்பு வந்திருக்கவில்லை.

கல்லில் அந்தச் சொல் பிறகு ஏறியது. பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். குரல் இன்றுவரை நிற்கவில்லை. கர்னல்களின் வீடுகளில் அதற்குப் பழகிவிட்டார்கள். தனக்கொடி போன் போட்டால் எடுக்கிறார்கள். குர்பிரீத் நாலைந்து தமிழ்ச் சொல் கூடுதலாகக் கற்றுக்கொண்டான், எப்படி இருக்கீங்க என்று அந்த அம்மாவிடம் இப்போது அவனே கேட்கிறான்.

அன்றைக்கு ஹரிகிருஷ்ணன் உதடு அசையாமல், “செல்வி, விசர்ஜன் சொல்லு” என்றான். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். தண்ணீரைக் குடித்துக்கொண்டே, விறைத்து நின்றவர்களுக்கு முன்னால் குறுக்கே நடந்து, கேட்டைத் திறந்து, வெளியே போனாள். பின்னால் தனக்கொடி மறுபடியும் முதல் ஆளிடமிருந்து கேட்கத் தொடங்கியிருந்தார்.