மூன்றாவது பெஞ்சில் ஆதாரத்தின் குரல்

ஆமாம், அந்த லிஃப்ட் மெக்கானிக்கேதான். கடவுள் இல்லை என்று நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் அடித்துப் பேசுவாரே, அவருடைய குரல்தான் ஒரு மழைக்காலத்தில் அவரை விட்டுக் கிளம்பிப் போய், எதிர்த்தெரு வழிபாட்டுக் கூடத்தின் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தது. ஆள் வீட்டில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், குரல் அங்கே பாடிக்கொண்டிருந்தது. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை, தெருவே காதால் கேட்டது.

அவரை எல்லோரும் ஆதாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்பார், அப்படி ஒட்டிய பெயர். பிரசவ வார்டில் நர்ஸ் வந்து மகள் பிறந்திருக்கிறாள் என்றபோதும் அதையே கேட்டாராம், நர்ஸ் பேசாமல் குழந்தையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாளாம். அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை 'சும்மா'. லிஃப்ட் சும்மா நிற்காது, சும்மா கிளம்பாது, எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு வயர் காரணமாக இருக்கும் என்பார். மகள் வளர்ந்து, பாட்டுப் பிடித்துப் போய் அந்தக் கூடத்தில் சேர்ந்தாள், அங்கேயே பாடிக்கொண்டிருந்த பையனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். அதற்குக்கூட அவர் பெரிதாகக் கத்தவில்லை. மனைவி இறந்த பிறகு மகள் தினமும் சாயங்காலம் போன் செய்ய ஆரம்பித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்லப்பா, சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். சாப்டீங்களா?"

"விஷயம் இருந்தா போடு. சும்மா சும்மா போன் போட்டு உயிர வாங்காத."

சரிப்பா என்று வைத்தவள் அதன்பிறகு போடவில்லை. அந்த வாரமே குரல் போய்விட்டது.

காலையில் மாடியில் குடியிருக்கும் அக்காவிடம் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வயரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, கரண்டுதான் வரவில்லை என்றார். அக்காவுக்கு முதலில் சிரிப்புதான். "இத்தன வருஷம் நிக்காம ஓடியிருக்கு. அதுக்கும் ரெஸ்ட் வேணாமாடா?" என்றாள். மகளுக்குச் சொல்லவா என்று கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தார். போனில் எழுதி அனுப்பவாவது முடியும், ஆனால் எழுதுவதற்கு விஷயம் வேண்டாமா? குரல் இல்லை என்பதை ஒரு விஷயமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே நாட்களில்தான் கூடத்தில் பாட்டுக்கு நடுவே ஒரு ஆள் கூடுதலாகப் பாடுவதை எல்லோரும் கவனித்தார்கள். கரகரப்பான ஆண்குரல், சுருதி கொஞ்சம் கீழே. மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து வந்தது, அங்கே யாரும் இல்லை. வாரம் தவறாமல் பாட வரும் தையல்காரர் ஒருவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தார். யாருடையது என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. நீ இருக்கிறாய், நீ எங்களோடு இருக்கிறாய் என்று பாட்டு முடிந்து கூடம் அமைதியானபோது, அந்தக் காலி இடத்திலிருந்து தெளிவாக ஒரு கேள்வி வந்தது: "ஆதாரம் இருக்கா?"

பலருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கூடத்தின் சாவியை வைத்திருக்கும் பெண்மணி மட்டும் நேராகப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். பகலில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள், நின்று பேச அவளுக்கு நேரம் கிடையாது. "அண்ணே, உங்க பொருள் ஒண்ணு அங்க கெடக்கு. வந்து எடுத்துக்கங்க, பாட்டைக் கெடுக்குது."

அவர் வேலை உடுப்போடு, கையில் ஸ்பேனரோடு போனார். அந்தக் கூடத்துக்குள் காலே வைத்ததில்லை, மகள் கல்யாணத்துக்குக்கூட வாசலில்தான் நின்றார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்ததும் குரல் தொண்டைக்குள் வந்து இறங்கியது, சரியான மாடியில் லிஃப்ட் நிற்பதுபோல.

"யாரு இத இங்க கூட்டிட்டு வந்தது?" என்று கத்தினார்.

"யாரும் கூட்டிட்டு வரல, அதுவாத்தான் வந்துச்சு. சத்தம் போடாம ஒக்காருங்கண்ணே, இன்னும் ஒரு பாட்டு இருக்கு" என்றாள் சாவிக்காரம்மா.

பாட்டு முடிந்து எழுந்ததும் குரல் பெஞ்சிலேயே தங்கிவிட்டது. பிடித்து இழுக்க அது கையா காலா? வயர் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்தார், ஆணிகளை எல்லாம் கழற்றி மாட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. ஆக, பேச வேண்டுமானால் அங்கே வந்து உட்கார்ந்தாக வேண்டும் என்று ஆனது. வாரமெல்லாம் சேர்த்துவைத்ததை அவர் அங்கே பேசித் தீர்த்தார். கட்டடக்காரர்கள் லிஃப்ட் புகாரை மூன்றாவது பெஞ்சுக்கே கொண்டுவந்தார்கள். பாட்டு ஓடும்போது பேச விடமாட்டார்கள் என்பதால் அவரும் பாடினார், பாடினால் மூச்சு நன்றாக இறங்குகிறது, தோள்பட்டை வலி குறைகிறது என்றார். கடவுள் எங்கே என்று கேட்டு முடிப்பார், அதற்கும் பக்கத்துப் பெஞ்சில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஒரு வருடம் இப்படியே ஓடியது. இவ்வளவு பேர் தன்னைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்கு அதற்குமுன் நடந்ததே இல்லை.

பிறகு அக்கா ஊரில் இல்லாத நாட்களில் அவருக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கதவு உள்தாழ்ப்பாள், கூப்பிடக் குரல் இல்லை, போன் கட்டிலுக்கு அடியில். அன்றைய பாட்டில் மூன்றாவது பெஞ்சு இருமியது. பாடவில்லை, இருமிக்கொண்டே இருந்தது. தையல்காரர் எழுந்து வெளியே ஓடினார், பின்னால் கூடமே ஓடியது, கதவை உடைத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். ஆஸ்பத்திரியில் முறைவைத்து ஆள் இருந்தார்கள், மாற்றுத் துணி துவைத்துக் கொடுத்தார்கள். கடவுள் காப்பாற்றினார் என்று யாரோ சொன்னபோது, சைகையால் காகிதம் கேட்டு வாங்கி, "தையல்காரர் காப்பாற்றினார்" என்று எழுதிக் காட்டினார். தையல்காரருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மகளுக்குச் சொல்லக் கூடாது என்று அப்போதும் கையை ஆட்டினார். உடம்பு தேறி வந்த அன்று, எல்லோரும் போன பிறகும் மூன்றாவது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். சாவிக்காரம்மா முன்வரிசையில், வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்து மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன கேக்குறீங்க அங்க?"

"ஒண்ணும் கேக்கலண்ணே. பின் டயரு தேஞ்சுபோச்சு, கடைக்குட்டிக்குப் பல்லு விழுந்துச்சு, அதச் சொன்னேன்."

"பதில் வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?"

"எதுக்குன்னா? சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல்களைச் சாத்தப் போனாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மறுபடி காய்ச்சலோ என்று அவளே பயந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கடைசி ஜன்னலைச் சாத்த வேண்டாம், மகளுக்கு ஒரு போன் போட வேண்டும் என்றார். அதில்தான் சிக்கல். கூடத்தில் சிக்னல் கிடைப்பது அந்தக் கடைசி ஜன்னலில் மட்டும், அவருக்குக் குரல் இருப்பது மூன்றாவது பெஞ்சில் மட்டும். சாவிக்காரம்மா போனை ஜன்னல் விளிம்பில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இங்கிருந்தே கத்துங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். மணி அடித்தது.

"அப்பா?" மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "என்னப்பா? என்ன விஷயம்? யாருக்கு என்ன ஆச்சு?"

விஷயம் இல்லாமல் கூப்பிட மாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. ஒரு நாளும் ஏமாற்றாத மூன்றாவது பெஞ்சில் அன்றைக்குக் காற்றுதான் வந்தது. அப்பா, அப்பா என்று போன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இப்போது வைத்துவிடுவாள். அப்போதுதான் ஜன்னலிலிருந்து, போனுக்குப் பக்கத்திலேயே, அந்தக் கரகரத்த குரல் வந்தது. ஆள் பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். சாவிக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான்."

போனில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சும்மாவா?"

"சும்மாதான். சாப்டியா?"

"ஆதாரம் இருக்கா?" என்றாள் மகள். சொல்லிவிட்டுச் சிரித்தாளா அழுதாளா என்று சாவிக்காரம்மாவால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது குரல் கூடவே வந்தது, வாசலிலேயே அக்காவிடம் மோட்டாரைப் போடச் சொன்னது. இப்போது மகள் சாயங்காலம் சாயங்காலம் போன் செய்கிறாள், தேய்ந்த வயரிலிருந்து தேய்ந்த செருப்புவரை பேசுகிறார்கள். அவர் இன்னும் நம்பவில்லை, போன வாரம்கூடக் கூடத்து வாசலில் நின்று ஒருத்தரோடு வாதம் செய்தார். ஆனால் பாட்டு நேரமானால் குரல் மட்டும் முன்னாலேயே கிளம்பிவிடுகிறது, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் போகிறார். தெருவில் யாரும் இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, வெறும் குரல் கடந்து போனால் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். எங்கே என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். அவர் சும்மா போகிறார், சரி. அந்தக் குரல் அவருக்கு முன்னாலேயே நம்பிவிட்டதா, இல்லை அதுவும் சும்மாதான் போகிறதா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?