இல்லாத இரண்டு கோல்கள்

மார்ச் 14, சனிக்கிழமை

இன்று என் பட்டியலில் ஒரு சிறு தவறைக் கண்டுபிடித்தேன். செய்தவள் நான்தான். சிறு தவறு என்று எழுதிவிட்டேன். சிறியதா பெரியதா என்று நாளை மாலை ஆறு மணிக்குத்தான் தெரியும்.

கணினி வகுப்பில் இன்று எண்ணிக்கைச் சூத்திரம். பயிற்சிக்கு எங்கள் பேருந்துப் பணிமனைக் கால்பந்து அணிக்காக நான் எழுதிவரும் லீக் பட்டியலையே எடுத்தேன். ஒவ்வொரு அணியும் எத்தனை ஆட்டம் ஆடியது என்று கணினியை எண்ணச் சொன்னால், எங்களுக்குப் பதினான்கு என்று வந்தது. ஆடியது பதின்மூன்று. கடைசி ஆட்டம் நாளைதான்.

ஆறாவது வாரம் மழையில் ஓர் ஆட்டம் பாதியில் நின்றது. அப்போது நாங்கள் இரண்டு கோல் முன்னிலை. விதிப்படி அது செல்லாது. பத்து நாள் கழித்து முதலிலிருந்து ஆடி, ஒன்றுக்கு ஒன்று டிரா செய்தோம். புள்ளியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். செல்லாத ஆட்டத்தின் வரியை அழிக்க மறந்துவிட்டேன். அந்த இரண்டு கோல்களும் ஐந்து மாதமாக எங்கள் கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

கடைசி இடத்துக்கு வரும் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். ஆலை அணி எல்லா ஆட்டத்தையும் முடித்துவிட்டது: பதின்மூன்று புள்ளி, கோல் வித்தியாசம் மைனஸ் ஏழு. எங்களுக்குப் பன்னிரண்டு புள்ளி; நாளை டிரா என்றால் பதின்மூன்று. என் பட்டியலின்படி எங்கள் வித்தியாசம் மைனஸ் ஆறு, தப்பித்துவிடுவோம். உண்மையில் மைனஸ் எட்டு. ஜெயித்தே ஆக வேண்டும்.

கிளப் அறைப் பலகையில் நாற்பத்தொரு வருடமாக நாங்கள் பிடித்த இடங்கள் பெயின்ட்டில் இருக்கின்றன. இரண்டு முறை முதலிடம், மூன்று முறை ஏழாமிடம். கடைசியான எட்டாமிடம் இல்லவே இல்லை. இந்த வருட வரி காலி.

லீக்காரர்கள் தங்கள் பட்டியலை எல்லா ஆட்டமும் முடிந்த பிறகுதான் வெளியிடுவார்கள். அதனால் எல்லோரும் நம்புவது என்னுடையதை. வியாழக்கிழமை அதை உடை மாற்றும் அறையில் மாட்டினேன். கடைசி வாரத் தாளை மாட்டிவிட்டால் ஆட்டம் முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது கோச் வைத்த வழக்கம். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பின்னால் ஐந்து பேரை நிறுத்தத் திட்டம் போட்டார். சென்டர் ஃபார்வர்டை நாளை பஸ் ஓட்டப் போகச் சொல்லிவிட்டார். பந்து கிடைத்தால் நிற்கத் தெரியாதவர் என்பதால் அவருக்கு 'பிரேக்' என்று பெயர்.

ஒருவேளை நான் திருத்துவதே தவறாக இருந்தால்? டிரா போதுமென்ற ஆட்டத்தில் தேவையில்லாமல் முன்னேறி ஆடித் தோற்போம். மழை ஆட்டத்தின் நடுவர் சீட்டைத் தேடி எடுத்தேன். 'செல்லாது' என்று குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.

அண்ணன்தான் கோல்கீப்பர், கேப்டன்; வேலை பணிமனைப் பட்டறையில். கொல்லையில் கையுறை துவைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு தடவ பாத்தியா?"

"நாலு தடவ."

கையுறையைப் பிழிந்தான். பிழிந்துகொண்டே இருந்தான்.

"மத்தியானம் ஆலைக்காரங்க கேப்டன் பட்டறைக்கு வந்தான். 'டிரா போதும்ல உங்களுக்கு, நிம்மதியா ஆடுங்க'ன்னு தோளத் தட்டிட்டுப் போனான். நல்லவன்னு நெனச்சேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

இருவரும் பணிமனைக்குப் போனோம். கோச்சும் டிரைவர்தான். வண்டியை விட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அவர் 'பட்டியலு' என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன பட்டியலு, அண்ணனும் தங்கச்சியும் எழவு வீட்டு மூஞ்சியோட வந்து நிக்கிறீங்க?"

சொன்னேன். சீட்டை வாங்கினார். முகத்துத் தண்ணீர் அதில் சொட்டியது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாட்டின தாளத் தொடக்கூடாதுன்னு..." என்று இழுத்தேன்.

"சொன்னவனே சொல்றேன், கழட்டு. தப்பான தாளுக்கு என்ன மரியாத?"

டிரைவர்களுக்கு டியூட்டி போடும் டைம்கீப்பரிடம் போய், பிரேக்கை நாளை விடச் சொன்னார் கோச். அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார். "பிரேக்குக்கு நாளைக்கு ரெண்டு மணிலேருந்து வண்டி. மாத்த ஆளே இல்ல. நானா ஓட்ட முடியும்?"

"நீங்க ஓட்டினா ஊரு தாங்காது" என்றார் கோச். டியூட்டி பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கு நாளைக்கு லீவுதானே. அவன் பேர அடிச்சு என் பேரப் போடுங்க."

"நீங்க இல்லாம எப்படி?" என்றான் அண்ணன்.

"நான் கோட்டோரம் நின்னு கத்துறதுக்கு அவன் உள்ள ஓடுறது மேல்டா. நீ கத்து. தொண்டைக்கு என்ன கொறச்சல்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நாலு அம்பதுக்கு வண்டி மைதான ஸ்டாப்புக்கு வரும். எறங்க முடியாது. நீ நின்னு ஸ்கோரச் சொல்லும்மா. சரியாச் சொல்லு."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

நாளை: ஒன்றரை மணிக்குப் பழைய தாளைக் கழற்றிவிட்டு, அதே நான்கு ஆணிகளில் புதியதை மாட்ட வேண்டும். மேலே 'ஜெயிக்க வேண்டும்' என்று பெரிதாக எழுத வேண்டும். நாலு நாற்பத்தைந்துக்கு, இடைவேளை விசில் கேட்டதும், மைதான நிறுத்தத்துக்கு ஓட வேண்டும். அதற்கு முன் ஸ்கோர் பலகையை இரண்டு முறை பார்க்க வேண்டும்.