கொங்கோமாரு வெளியே வந்த நாள்

அது பூகம்பமாக இருக்க வேண்டும் என்றுதான் நோபுமிச்சி முதலில் ஆசைப்பட்டான். பூகம்பம் என்றால் பழியைப் பூமியின் தலையில் போட்டுவிடலாம். ஜப்பானில் ஷிசுவோகாக்காரர்கள் பிறந்ததிலிருந்தே அதற்குத் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் கூரையில் தொங்கிய விளக்கு ஆடவில்லை. ஆடியது அவன் மட்டும்தான். காலையில் வந்த பார்சலை மனைவி கண்ணில் படாமல் டப்பா அடுக்கின் உச்சிக்கு ஏற்றிவிடலாம் என்று, பொம்மை அறையின் தள்ளுகதவை உள்ளிருந்து ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு, கை எட்டாததால் தரையில் இருந்த ஒரு பெரிய டப்பாவின் மேல் ஏறி நின்றான். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில், வருடா வருடம் டாக்டர் முறைக்கும் அந்த உடம்போடு, பொம்மை டப்பாவின் மேல் ஏறி நிற்பது என்ன புத்தியோ. டப்பா பொசுக்கென்று உள்வாங்கியது. விழாமலிருக்க அவன் பக்கத்து அடுக்கைப் பிடித்தான். அந்த அடுக்கு அதற்கு அடுத்ததைப் பிடித்தது. கடைசி அடுக்குக்குப் பிடித்துக்கொள்ளக் கதவைத் தவிர வேறொன்றும் இல்லை.

எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால், அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது கால் முழங்கால்வரை டப்பாவுக்குள். சுற்றிலும் ரோபோக்கள். மின்னலை வாளாகப் பிடித்தவை, ரயிலாக மாறுபவை, ஐந்து சேர்ந்து ஒன்றாகிறவை. எல்லாமே டப்பா மேல் அச்சிட்ட படங்களாகத்தான். உள்ளே இருப்பவற்றை அவனும் பார்த்ததில்லை. நீளமான ஒரு டப்பா கதவின் விளிம்புக்கும் தூணுக்கும் நடுவே விழுந்து, யாரோ அளவெடுத்துச் செய்த தாழ்ப்பாள் போல இறுகியிருந்தது. அதன் மேல் மற்றவை குவிந்திருந்தன. மரச்சட்டத்தில் இருபுறமும் காகிதம் ஒட்டிய பழைய கதவு அது. மற்ற நாளென்றால் லேசாகத் தூக்கினாலே பள்ளத்திலிருந்து கழன்று வந்துவிடும். இன்றைக்கு அதன் மேல் ஒரு படையே சாய்ந்திருந்தது. ஜன்னலை அவன் நினைக்கவே இல்லை. வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும் என்று பல வருடங்களுக்கு முன்பே அதைக் கூரைவரை டப்பாக்களால் மூடியிருந்தான்.

"நோபு, உயிரோட இருக்கியா?" சமையலறையிலிருந்து சாவாகோவின் குரல்.

"இருக்கேன்."

"என்ன விழுந்துச்சு?"

"ஒண்ணும் விழல. கொஞ்சம் ஒழுங்குபடுத்துறேன்."

காலடிச் சத்தம் நெருங்கியது. கதவு ஒருமுறை அசைந்து, அதற்கு மேல் நகராமல் நின்றது.

"ஒழுங்குபடுத்துறதுன்னா கதவைச் சேர்த்தா?"

"கொஞ்சம் சிக்கிக்கிச்சு. அஞ்சு நிமிஷம் குடு."

"சாமான் பார்க்க ஆள் வர்ற நேரம் பார்த்தா?"

அதுதான் வம்பு. வீடு மாற்றித் தரும் நிறுவனத்திலிருந்து ஆள் வந்து, போகப்போகிற சாமான்களைப் பார்த்து, எவ்வளவு பெரிய லாரி தேவை என்று சொல்லும் நாள் இது. சாவாகோ வேலை பார்க்கும் காப்பீட்டு நிறுவனம் அவளை வடக்கே அகிதா கிளைக்கு மேலாளராக்கியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு, கறுத்த குழம்பில் வெந்த முட்டையைக் குச்சியால் பிளந்துகொண்டே இதைச் சொன்னாள். "வாழ்த்துகள்" என்றான் நோபுமிச்சி. "அங்க பனி கூரைவரைக்கும் விழுமாம்" என்றாள் அவள். "நல்ல பூட்ஸ் வாங்கணும்" என்றான் இவன். பிறகு, போனால் போகிறது என்கிற குரலில், "நானும் வரணுமா?" என்று கேட்டான். "உன் இஷ்டம்" என்றாள். "உன் இஷ்டம்தான் என் இஷ்டம்" என்றான். பெருந்தன்மையான பதில் என்று அப்போது தோன்றியது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி, தட்டில் கடைசியாக மிஞ்சிய துண்டைப் போல, நீ எடுத்துக்கொள் நீ எடுத்துக்கொள் என்று இருவருக்கும் நடுவே ஆறிக் கிடந்தது. அன்றிரவு அவள் தூங்கிய பிறகு அவன் போனை எடுத்து ஒரு ரோபோ பொம்மைக்கு ஆர்டர் கொடுத்துவைத்தான். அதுதான் இன்று வந்த பார்சல்.

அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை. சோறு வடிக்கும் குக்கர்களுக்கும் தண்ணீர் சூடாக்கும் குடுவைகளுக்கும் செய்முறைக் கையேடு எழுதுவான். அகிதாவில் உட்கார்ந்து எழுதினாலும் குக்கர் கோபித்துக்கொள்ளாது. இந்த ஊரில் அவனைக் கட்டிப்போட்டிருந்தது இந்த ஓர் அறைதான். இப்போது அது நிஜமாகவே கட்டிப்போட்டுவிட்டது.

வாசல் மணி அடித்தது.

"உள்ள வாங்க குசாகாபே சான், குளிர்ல வந்திருக்கீங்க" என்று சாவாகோவின் வெளியாட்கள் குரல் கேட்டது. அலுவலகத்தில் பேசுகிற குரல், வீட்டுக் குரலைவிட ஒரு படி உயரத்தில் இருக்கும். சாமான் பார்க்க வந்த குசாகாபே செருப்பைக் கழற்றி, நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி நன்றி சொன்னான். ஏதோ கனமாகத் தரையில் வைக்கப்பட்டது.

"இது எங்க கம்பெனியோட சின்ன அன்பளிப்பு மேடம். காலி அட்டைப்பெட்டி, ஒரு கட்டு. தேவைப்படும்ல?"

சாவாகோ சிரித்தாள். அவள் இப்படி அடக்க முடியாமல் சிரித்து வெகுநாளாகிவிட்டது என்று கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், காலில் டப்பாவோடு, உட்கார்ந்து நினைத்தான்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் மூச்சு வாங்கியபடி. "எங்க வீட்டுக்கு டப்பாவைப் பரிசாக் கொண்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

குசாகாபே ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், புத்தக அலமாரி என்று தனக்குள் முணுமுணுப்பது கேட்டது. பிறகு அந்த முணுமுணுப்பு கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"இந்த ரூம் மேடம்? உள்ள இருக்கிறதும் வருதா?"

"உள்ள இருக்கிறது என் வீட்டுக்காரர்."

"இல்ல, நான் சாமானைக் கேட்டேன்."

"ரெண்டையும் பிரிக்க முடியல. அதான் இப்பப் பிரச்சனை."

"வணக்கம் சார்!" என்று குசாகாபே கதவைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும், குரல் கீழிருந்து வந்தது.

"வணக்கம்," என்று நோபுமிச்சியும் உட்கார்ந்தபடியே கதவுக்குத் தலைகுனிந்தான். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கத்திலேர்ந்து தள்ளினா..."

"மன்னிக்கணும் சார். இன்னைக்கு நான் பார்க்க மட்டும்தான். தொட்டு ஏதாவது உடைஞ்சா காப்பீடு கிடைக்காது."

"சரியாச் சொல்றார்," என்றாள் சாவாகோ. காப்பீட்டுக்காரி அல்லவா.

"நான் ஒண்ணே ஒண்ணுதான் மேடம் தெரிஞ்சுக்கணும். போறது ஒருத்தரா, ரெண்டு பேரா? ஒருத்தர்னா சின்ன லாரி. ரெண்டு பேர்னா பெரிசு. இந்த ரூமும் சேர்ந்தா..." டேப்லெட்டில் விரல் தட்டும் ஒலி. "அதுக்கு வேற மாதிரி யோசிக்கணும்."

கெண்டியில் தண்ணீர் கொதிப்பது கேட்டது. ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று எண்ணிக்கொண்டே இருந்த நோபுமிச்சிக்கு, தான் அவளுடைய பதிலுக்காகக் காத்திருப்பது போலவே அவளும் தன்னுடையதற்காகக் காத்திருக்கிறாளோ என்று இப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதம் லேட்.

"முதல்ல டீ குடிங்க," என்றாள் அவள்.

காலை உருவ முயன்றபோதுதான் அவன் அதைக் கவனித்தான். கால் போன இடத்தில் ஒன்றுமே இல்லை. கையை விட்டுத் துழாவினான். ஓர் ஓரத்தில் பொம்மை, பக்கத்தில் மடித்த அட்டை, மீதி முழுக்க வெறும் காற்று. அடுத்த டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தான். அதிலும் பாதி காற்றுதான். இத்தனை வருடமாக, நல்ல காற்றுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, காற்றை ஒட்டுநாடா போட்டு வாங்கி அடுக்கியிருக்கிறான்! ஆனால் இதில் வழியும் இருந்தது. பெரிய டப்பாவைத் திறந்து அதற்குள் சின்னதைப் போட்டால் இடம் உண்டாகும். இடம் உண்டானால் கதவை எட்டலாம்.

திறந்தால். அங்கேதான் சிக்கல். திறந்த டப்பாவுக்குச் சேகரிப்பாளர்கள் மத்தியில் என்ன மரியாதை என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் மூன்று வாங்குவது அவன் கூட்டத்தாரின் வழக்கம். ஒன்று பார்க்க, ஒன்று பத்திரப்படுத்த, ஒன்று புதிதாக இந்த வழிக்கு வருபவருக்குக் கொடுக்க. இத்தனை வருடத்தில் யாரும் இந்த வழிக்கு வரவில்லை. பார்க்க வாங்கியதையும் அவன் பார்க்கவில்லை. ஆக மூன்றுமே பத்திரமாக இருந்தன. அவன் எழுதும் ஒவ்வொரு கையேட்டின் முதல் வரியும் ஒன்றேதான்: பெட்டியைத் திறந்ததும் எல்லாப் பாகங்களும் உள்ளனவா என்று சரிபார்க்கவும்.

நகத்தால் ஒட்டுநாடாவைக் கிளப்பி இழுத்தான். சர்ர்ரென்று கிழிந்தது.

வெளியே டீக்கோப்பை மேசையில் வைக்கப்பட்டது.

"நோபு, என்ன சத்தம் அது?"

"திறக்கிறேன்."

"எதை?"

"டப்பாவை."

இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. "மேடம், ஏதாவது பிரச்சனையா?" என்று குசாகாபே தாழ்ந்த குரலில் கேட்டான். "தெரியல," என்றாள் அவளும் அதே தாழ்ந்த குரலில்.

அவன் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டான். முதல் இரண்டை ஓரம் கிழியாமல் பார்த்துப் பார்த்துத் திறந்தான், அப்புறம் பழகிவிட்டது. திறக்கத் திறக்க, எதை எப்போது வாங்கினான் என்பது, கேட்காமலே நினைவுக்கு வந்தது. இந்தப் பச்சை ரோபோ, அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கப் போகாத அன்று. அந்தச் சிவப்பு, சாவாகோவின் அப்பா இறந்து, சடங்கு முடிந்து திரும்பியபோது அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஸ்டேஷனில் வாங்கியது. இந்த நீலம், குழந்தைக்காக இனிமேல் முயற்சி வேண்டாம் என்று ஹமாமாட்சு மருத்துவமனையில் டாக்டர் சொன்ன மாலை. ரயிலில் இருவரும் பேசவே இல்லை. அவன் கடைக்குப் போனான். அவள் வீட்டுக்கு வந்து அரிசி களைந்தாள். வாயைத் திறக்க வேண்டிய நாளிலெல்லாம் அவன் ஒரு டப்பா வாங்கியிருக்கிறான். வாங்கி, அதையும் திறக்காமல் வைத்திருக்கிறான்.

அடியில் கொங்கோமாரு இருந்தான். நோபுமிச்சியின் முதல் ரோபோ. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி.யில் வந்து, கடைசி நிமிடத்தில் மலையைப் பிளந்துகொண்டு வெளியே வருவான், பளீரென்று வெள்ளையாக. அவனுக்காகத்தான் ஜன்னலையே மூடியது. நோபுமிச்சி மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே படுத்திருந்த கொங்கோமாரு, ஊறுகாய் முள்ளங்கி நிறத்தில் இருந்தான். தலையிலிருந்து கால்வரை ஒரே சீரான மஞ்சள். வெயிலே படாமல், இருட்டில், தன்பாட்டுக்கு மஞ்சளாகியிருந்தான்.

நோபுமிச்சிக்கு அழுகை வரும் என்றுதான் தோன்றியது. வந்தது சிரிப்பு.

"டேய் கிழவா," என்றான். "உனக்காக நான் இத்தனை வருஷமா வெயிலைப் பார்க்காம கிடந்தேன்டா."

வெளியே குசாகாபே எழுந்திருப்பது கேட்டது. "அப்ப, மேடம், எண்ணிக்கையை நாளைக்கு போன்ல சொன்னாலும் போதும். இல்லைன்னா பொதுவா ஒருத்தர்னே..."

"ஒரு நிமிஷம்!" என்று கத்தினான் நோபுமிச்சி.

இப்போது கதவுவரை போக வழி இருந்தது. ஆனால் அந்த நீள டப்பா தூணோடு இறுகிப்போய் அசையவே இல்லை. பொறுமையாக இழுத்தால் வரலாம். அதற்குள் அந்த ஆள் 'ஒருத்தர்' என்று தட்டிவிட்டுப் போய்விடுவான். கதவைப் பார்த்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது. முகத்தைப் பார்க்காமல் கேட்டுத்தானே இரண்டு மாதம் ஓடிப்போனது. கதவு கிழிந்தால் வீட்டுச் சொந்தக்காரர் பிடித்துக்கொள்ளப்போகும் முன்பணம் ஒரு கணம் கண்முன் வந்து போனது. கொங்கோமாருவை இரண்டு கையாலும் இடுப்பில் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடினான். குத்தினான்.

காகிதம் பட்டென்று கிழிந்தது. குசாகாபே "ஐயோ" என்றான். மஞ்சள் தலை, மஞ்சள் தோள், உயர்த்திய மஞ்சள் கை என்று கொங்கோமாரு கதவைப் பிளந்துகொண்டு கூடத்துக்குள் வந்தான். அவன் பின்னாலேயே, ஓட்டையை விரல்களால் அகலப்படுத்திக்கொண்டு, தலையெல்லாம் தூசியாக நோபுமிச்சியின் முகம்.

சாவாகோ டீத்தட்டோடு நின்றிருந்தாள். வெளியாட்களுக்கான புன்னகையை முகத்திலிருந்து எடுக்க மறந்துபோயிருந்தாள். கண் மட்டும் அதோடு சேரவில்லை.

"சாவா," என்றான். "எனக்கு உன்கூட வரணும்னு இருக்கு. இதையெல்லாம் வித்துடுறேனா, கொடுத்துடுறேனா தெரியல, அதை அப்புறம் பார்க்கலாம். உனக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. என் இஷ்டத்தை நான் சொல்லிட்டேன். தயவுசெஞ்சு மறுபடியும் 'உன் இஷ்டம்'னு சொல்லாத. நான் வரணுமா, வேண்டாமா?"

குசாகாபே எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் அட்டைப்பெட்டிக் கட்டைப் பார்த்தான்.

சாவாகோ தட்டைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து, நீட்டிக்கொண்டிருந்த பொம்மையை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். உயர்ந்திருந்த கையைப் பிடித்து இறக்கினாள், அது க்ரீச்சென்றது. மறுபடி ஏற்றினாள். "இவன் என்ன இந்த நிறத்துல இருக்கான்?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுவிட்டு, கடையில் வாங்கிய முள்ளங்கியை இடுக்கிக்கொள்வது போலக் கொங்கோமாருவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு, கதவிலிருந்த முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமலே, குசாகாபேயிடம் சொன்னாள்.

"ரெண்டு பேர். சின்ன லாரி."