வேல் வண்டியின் மரை

விநாயகமூர்த்தியின் நெஞ்சில் ஐயம் என்னும் கறையான் புகுந்தது ஒரு மரையாணியின் வழியாகத்தான்.

நகரின் தாகேதாப் பகுதியில் ஜப்பானியக் கார்களுக்கு உதிரிப்பாகம் விற்பவர் அவர். முருகன் கோயிலின் எம்.ஜி. டி.சி. காரும் அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபின் இங்கிலாந்தில் பிறந்த, இருவர் அமரும் கார். மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்திய உடல், கம்பி ஆரங்கள் பூண்ட உயர்ந்த சக்கரங்கள். பங்குனி உத்திரத்தன்று இறைவனின் வேல் அதில் எழுந்தருளும். ஓட்டுபவர் அதே நகரின் அலோன் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் பீர் முகைதீன். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அது வழக்கம்.

கிளட்ச் பழுது நீங்கி வண்டி பட்டறையிலிருந்து திரும்பியதும், இயந்திரத்தில் தளர்ந்திருந்த ஆணி ஒன்றைக் கழற்றி அதன் மரைத்தண்டை அளந்தார் மூர்த்தி. சரியாக எட்டு மில்லிமீட்டர். ஆங்கிலேயன் செய்த ஆணி அங்குலத்தில் அல்லவா இருக்க வேண்டும்? கடையிலிருந்த ஜப்பானிய நட்டை மாட்டினார்; சற்றே ஏறி இறுகி நின்றது. மரை தேய்ந்திருக்கும் என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டார். இயந்திரத்தின் எண் தகடோ எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. பழைய இயந்திரத்தை எவனுக்கோ விற்றுவிட்டுப் பாய் வேறொன்றைப் பொருத்திவிட்டாரா?

பட்டறைக்குப் போய் உட்கார்ந்தார்.

"என்ன மூர்த்தி, டீ ஆறுது. என் மூஞ்சியில மீட்டரா ஓடுது?"

"இஞ்சின் சத்தம் மாறிப்போச்சு பாய்."

"கிளட்ச் புதுசு. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி ரெண்டு நாள் முறுக்காத்தான் இருக்கும்."

அந்தச் சிரிப்பிலும் களவின் நிழலையே கண்டார் மூர்த்தி. அன்று மாலையே கோயில் குழுவில் சொன்னார்: "அந்த இஞ்சின் நம்மளது இல்ல. இந்த வருஷம் வேல் வேற வண்டியில போகட்டும். பாயும் வேணாம்."

குழுத் தலைவி ஜெயம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டியோட வந்த ஸ்பானர் பையி கிடக்குதே, போட்டுப் பாத்தியா?"

போடவில்லை. இப்போது போட்டார். அங்குல ஸ்பானர் ஒவ்வோர் ஆணியின் தலையையும் கச்சிதமாகக் கவ்வியது. தலை அங்குலம், மரை மில்லிமீட்டர். இது என்ன மாயம்? இங்கிலாந்தில் இவ்வகைக் கார் வைத்திருப்போர் சங்கத்துக்குப் படம் அனுப்பிக் கேட்டார்.

விடை வந்தது. முதல் உலகப்போரில் ஒரு பிரெஞ்சுத் துப்பாக்கி ஆலை இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் பொறிகள் மில்லிமீட்டர் மரையே வெட்டின. ஆலை கைமாறிக் கார் இயந்திரம் செய்தபோதும் அந்த மரபு மாறவில்லை. ஆங்கிலேயரின் ஸ்பானருக்குப் பொருந்தத் தலையை மட்டும் அங்குலத்தில் அமைத்தார்கள். மரையின் புரிகளும் வழக்கத்தைவிட நெருக்கமானவை. ஜப்பானிய நட்டு முழுதும் ஏறாததும் அதனால்தான். இயந்திரம் பழையதேதான்.

மூர்த்தி அலோனுக்கு விரைந்தார். குழுவில் அவர் சொன்ன பேச்சு அவருக்கு முன்பே அங்கே போயிருந்தது.

"போல்ட்டை அளந்தே," என்றார் பீர் முகைதீன், கையைத் துடைத்தபடி. "என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டியா?"

மூர்த்தி தலைகுனிந்தார். "தப்புதான் பாய். உத்திரத்துக்கு வருவீங்களா?"

"வேலுக்கு வருவேன்."

வந்தார். இறைவனின் வேலை இருக்கையில் இருத்தியதும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி மூர்த்தியின் கையில் கொடுத்தார். ஊர்வலம் முழுவதும் இயந்திரம் எல்லார் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. மூடியைச் சுமந்தபடி வண்டியின் பின்னே நடந்தார் விநாயகமூர்த்தி.