பெயர் வாசிக்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆறு கடலில் சேரும் கரையில் விசில் சத்தம் கேட்டால் கையுறை மாட்டிய பதினெட்டுப் பேரும் குனிந்துவிடுவார்கள். ஊதுகிறவர் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வருஷமாகியும் விசிலை மட்டும் விடவில்லை. குப்பை பொறுக்குவது எல்லோருக்கும் பொது. முடிச்சுப் போட்டு வீசிய பைகளைப் பிரிப்பது அவருக்கே உரியது. உள்ளே ஒரு கரண்ட் பில், ஒரு கூரியர் கவர் என்று எதிலாவது பெயர் இருக்கும். அதை அவர் உரக்க வாசிப்பார். கூட வரும் டீச்சர் அதைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அப்படி மாட்டியவர்தான் பல் டாக்டர். குழுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு அவரும் கையுறை மாட்டிக்கொண்டார். அந்த வெற்றிக் கதையைக் கண்டக்டர் தன் மனைவியிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

அன்று பாலத்துத் தூணின் அடியில் டீச்சருக்கு ஒரு கறுப்புப் பை கிடைத்தது.

"சார், உங்க சரக்கு ஒண்ணு வந்திருக்கு!"

கண்டக்டர் உற்சாகமாகத்தான் பிரித்தார். மேலே பச்சைத் துணி வெட்டுத் துண்டுகள். இந்தப் பச்சையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று விரல்கள் கொஞ்சம் நிதானித்தன. அவர் வீட்டுத் தையல் மெஷினுக்குக் கீழே போன மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்த யூனிபார்ம் துணி. துணிக்கு நடுவில் மருந்துக் கடையின் காகித உறை, அதில் அவர் மனைவியின் பெயர். உள்ளே வலிப்பு மாத்திரை, நாலு அட்டை. அவரே வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தவை. ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை.

"பேரு இருக்கா சார்?" டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"படிங்க, படிங்க! இந்த வாரம் யார் மானம் கப்பலேறுதுன்னு பாப்போம்," என்றார் பல் டாக்டர்.

"தண்ணியில மை கரைஞ்சுபோச்சு."

முப்பது வருஷ சர்வீஸில் 'சில்லறை இல்லை' என்பதைத் தவிர வேறு பொய் பெரிதாகச் சொல்லாத மனிதர். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"குடுங்க சார், என் கண்ணு நல்லாத் தெரியும்." பல் டாக்டர் கையை நீட்டினார்.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல!"

பதினெட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உறையைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கண்டக்டர் மேட்டில் ஏறினார்.

பாலத்தைக் கடக்கும்போது கால் தயங்கியது. கைப்பிடிச் சுவர் அவர் இடுப்புக்குக்கூட வரவில்லை. இங்கே நின்றுதானே வீசியிருப்பாள்? போன வருஷம் அவள் மெஷினிலிருந்து சரிந்து, நாக்கு கடிபட்டு, வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்தது கண்முன் வந்தது. "ஒரு நாள்கூட விடக்கூடாது. அடுத்தது எங்க, எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்று நரம்பு டாக்டர் சொன்னபோது, அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன, பாதியிலயே வந்துட்டீங்க? கடல் அதுக்குள்ள சுத்தமாயிடுச்சா?"

அவர் நாலு அட்டைகளையும் துணி மேல் வைத்தார். சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"அதை ஆத்துல போய்ப் போட்டிருக்கியே!"

சொன்ன பிறகுதான் உறைத்தது, முதலில் வாயில் வந்தது அதுதான் என்று.

"வேற எங்க போடச் சொல்றீங்க? மக்கும், மக்காததுன்னு வீட்டுக் கூடையக் குடைஞ்சு ஒண்ணொண்ணா நீங்கதான பிரிக்கிறீங்க? இந்த வீட்டுல ஒரு பொருளை உங்க கண்ணுல படாமத் தூக்கிப்போட எனக்கு இடம் இருக்கா?"

"விழுந்து கிழுந்து தொலைச்சிருந்தா? நான் என்ன பண்ணுவேன்?"

அவள் ஊசியையும் நூலையும் எடுத்தாள். ஒரே தடவையில் கோத்துக் காட்டினாள்.

"பாத்தீங்களா? அதைப் போட்டா இது நடக்காது. கை உதறும். ஒரு காலரை மூணு தடவை பிரிச்சேன். 'வயசாயிடுச்சுக்கா, விட்டுடுங்க'ங்கறான் தைக்கக் குடுக்கற கடைக்காரன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. 'டாக்டர் சொன்னா சொன்னதுதான்'னு சொல்லிட்டு, பல் டாக்டர் போட்டோ வந்திருச்சான்னு போனைப் பாக்கப் போயிட்டீங்க."

சொல்லியிருக்கிறாள். இப்போது ஞாபகம் வந்தது. சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்தது. 'கண்டக்டர் யாரைக் காப்பாத்துறார்?' என்று குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள், பின்னாலேயே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அவர் போனை அணைத்தார்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா டாக்டர்கிட்ட போவோம். கை உதறாத மாத்திரையாக் கேப்போம். நானே கேக்கறேன். இன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கோ. எனக்காக."

"உங்களுக்காகவா?" அவள் சிரித்த மாதிரி இருந்தது.

அலமாரியில் இந்த மாதத்துக்கு வாங்கியது அப்படியே இருந்தது. ஒன்றைப் பிதுக்கினார். தண்ணீர் மொண்டு வந்த டம்ளர் அவர் கையில் தளும்பியது. அவள் இடது கையில் டம்ளரை வாங்கிக்கொண்டு வலது கையை நீட்டினாள். மாத்திரையை வைத்தார்.

போடுவாளா, விரலிடுக்கில் ஒளிப்பாளா என்று பார்த்துக்கொண்டே நிற்பதா, திரும்பிக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொஞ்சமும் அசையவில்லை. உள்ளங்கை வியர்வையில் மாத்திரையின் ரோஸ் நிறம் மெல்லக் கரைந்து, ரேகை ரேகையாக இறங்கிக்கொண்டிருந்தது.