ஒமெல்கோவைப் பிரபுவாக்கிய பன்றிக்கறி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வார்சாவிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் மேற்கு உக்ரைனில் உள்ள எங்கள் வோலினில் நின்றுகொண்டே, இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே நடந்த போலந்து ஆட்சியில் இங்கே பாலாறும் தேனாறும் ஓடியதாகப் பேசினார். ஓடியிருக்கும். யார் வீட்டு வாசலில் என்று மட்டும் சொல்லவில்லை.

முதல் வரி இப்படி எழுதினேன்: '1937ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வரலாற்றின் சூறாவளியில் சிக்கிய ஓர் அப்பாவி உழவன்...'

(அடித்துவிட்டேன். ஒமெல்கோ அப்பாவி இல்லை. பக்கத்து வயல் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போடுகிற ஆசாமி.)

2

சோவியத் எல்லையோர ஊர்களில் உக்ரேனியர்கள் இருப்பது போலந்து சர்க்காரின் கண்ணை உறுத்தியது. உடனே ஒரு கண்டுபிடிப்பு: நீங்களெல்லாம் தங்கள் வம்சத்தை மறந்த போலந்துப் பிரபுக்கள், ஆர்த்தடாக்ஸ் கோயிலை விட்டுக் கத்தோலிக்கக் கோயிலுக்குத் திரும்புங்கள். திரும்பாதவனுக்கு எல்லையோரம் நிலம் கிடையாது. சாணி மிதித்துக்கொண்டிருந்த ஒமெல்கோ நிலத்துக்காக ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரபு ஆனான்.

அடுப்பு மட்டும் மதம் மாறவில்லை. போலந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்தபோது, பழைய நாட்காட்டிப்படி எங்கள் கிறிஸ்துமஸுக்கு இன்னும் பதின்மூன்று நாள்; அதுவரை நோன்பு. கறி, பால் எதுவும் வீட்டுக்குள் வராது. இது தெரிந்துதான் எல்லைக்காவல் அதிகாரி ஷெலிகா பண்டிகை மதியம் பன்றிக்கறியோடு ஒமெல்கோ வீட்டில் வந்து உட்கார்ந்தார். தின்னாவிட்டால் அவன் இன்னும் பழைய மதத்தான், நிலம் போச்சு.

3

"சாப்பிடுங்க பிரபுவே!"

"பல்லு வலிங்கய்யா."

"நேத்து தெருவுல நின்னு சூரியகாந்தி விதை கொறிச்சப்போ வலிக்கலையோ?"

ஒமெல்கோ தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவன் மனைவி யாவ்தோகா எட்டி, அவன் தட்டிலிருந்த துண்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"அவரு பங்க நான் தின்னுட்டேன். போதுங்களா?"

(குறிப்பு: காய்ச்சலில் கிடந்தபோதுகூட நோன்பில் பால் தொடாதவள் அவள். இந்த வரியை எழுதும்போது ஷெலிகாவின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.)

4

இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. எங்கள் உக்ரேனிய மேடைச் சூரர்களுக்கு: ஒமெல்கோ தட்டை அதிகாரியின் முகத்தில் வீசுகிறான். பேராசிரியருக்கு: ஆனந்தக் கண்ணீரோடு தின்கிறான். இரண்டையும் கிழித்துப்போட்டேன், ஏனென்றால் ஷெலிகா அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா தங்கமானவங்க," என்றார். பிறகு இன்னொரு துண்டை, முன்னதைவிடப் பெரிதாக, வெட்டி ஒமெல்கோவின் தட்டில் வைத்தார். "இப்ப நீங்க சாப்பிடுங்க."

யாவ்தோகா புருஷனையே பார்த்தாள். வாயில் இன்னும் கொழுப்பின் ருசி. தின்னு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வாசகரே, நீங்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தானே இதைப் படிக்கிறீர்கள்? அவன் என்ன செய்யட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.