பின்சீட்டில் மதினி

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கே மும்பை பவாய் ஏரிக்கரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. என் மதினி முப்பிடாதியம்மாளை இரட்டை சைக்கிளின் பின்சீட்டில் உட்கார வைத்து நான் மிதிக்கப் போகிறேன். ஹேண்டில், பிரேக் இரண்டும் முன்னால் இருக்கும் என் கையில். மூன்று வருடமாக இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்துக் கிடந்தேன்.

மதினி என் கணவரின் அக்கா. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் மருமகளுக்கு வளைகாப்பு. தாராவி மண்டபத்தில் நாற்பது பெண்கள். நானும் ஆசையாக வளையலைக் கையில் எடுத்தேன்.

“நீ போடாத விஜயா. ரெண்டு புள்ள வயித்துல தங்காமப் போனவ. உன் ராசி எம்மருமவளுக்கு வேண்டாம்” என்றாள். நாற்பது பேருக்கும் கேட்டது. வளையலைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு அறுந்தது.

இப்போது அவள் மகள் ஷாலினிக்கு ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வீட்டு வளையல்தான் முதலில் ஏற வேண்டும். ஷாலினிக்கு இருப்பது ஒரே தாய்மாமன், என் கணவர். அப்படியானால் வளையல் போட வேண்டியவள் நான். நன்றாக மாட்டிக்கொண்டாள் மதினி! தம்பியிடம் இரண்டு தடவை சொல்லியனுப்பினாள். முடியாது என்றேன். எனக்கு மன்னிப்பு வேண்டும். அவமானப்படுத்தியது போலவே ஆட்களுக்கு முன்னால் வேண்டும்.

எங்களைச் சேர்த்துவைக்கத்தான் ஷாலினி இந்த ஏரிப் பயணத்தை ஏற்பாடு செய்திருந்தாள். “அத்தை, அம்மாவ வச்சு ஏரியச் சுத்தி ஒரே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க. அவ்ளோதான்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து பெஞ்சில் ஷாலினியின் மாமியார் ஆறுமுகத்தாய், கோபர்கைரனேயிலிருந்து வந்த சம்பந்தியம்மா, உட்கார்ந்திருந்தாள். அந்தம்மாவுக்கு எங்கள் சண்டை தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகவே மதினி பல்லைக் காட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

நான் தினமும் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு சைக்கிளில் இட்லி மாவு கொண்டுபோய்ப் போடுகிறவள். மதினி எனக்கு ஒரு சுமையா? கரையில் ஆட்கள் பறவைகளைப் படம் பிடித்தார்கள். முதலை இருக்கிறது, தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். பார்க்கவேண்டியதையெல்லாம் அவள் நன்றாகப் பார்க்கட்டும் என்று அந்த ஓரமாகவே விட்டேன்.

மதினி என்னிடம் பேசவில்லை. ஏரியிடம் பேசினாள். “ஏ ஏரி, இவ்வளவு வேகம் எதுக்குன்னு கேளு.”

நான் சைக்கிள் மணியிடம் சொன்னேன். “பயமா இருந்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு.”

இறக்கம் வந்தது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. காற்று காதில் அடித்தது. சொல்லக் கூடாதுதான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“ஏட்டி விஜயா! நிறுத்துட்டி! நெஞ்ச அடைக்கி!”

நிறுத்தினேன். மூன்று வருடத்தில் முதல் பேச்சு, அதுவும் என் பேரைச் சொல்லி. மதினி இறங்கி ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“வெள்ளிக்கிழம வந்துரு. ஷாலினிக்கு மொத வளையல் நீதான் போடணும்.”

“என் ராசி?”

“அதையே பிடிச்சுத் தொங்காத. தப்புதான்.”

“இது மரத்துக்கும் ஏரிக்கும் கேட்டுச்சு மதினி. அன்னைக்கு நாப்பது பேர் கேட்டாங்க. ஒங்க சம்பந்தியம்மா முன்னால சொல்லுங்க. நான் வாரேன்.”

“அந்தம்மா முன்னாலயா? வேண்டாம்ட்டி. சொன்னாக் கேளு.”

“அப்ப வெள்ளிக்கிழம நான் இல்ல. முதல் வளையல யாரையாவது வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கோங்க.”

அவள் அழுதாள். எனக்கு மனம் இரங்கவில்லை. அன்று மண்டபத்து வாசலில் நான் அழுதபோது எவள் வந்தாள்? திரும்பும் வழி முழுக்க “வேண்டாம்ட்டி” என்று முனகிக்கொண்டே வந்தாள். கெஞ்சல் கேட்கக் கேட்க என் கால்கள் இன்னும் நன்றாக மிதித்தன.

சைக்கிளை நேராக பெஞ்சுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மதினி இறங்கினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

“விஜயாவுக்கு ரெண்டு தங்கல. அத எல்லார் முன்னாலயும் சொல்லி, வளையல் போட வேண்டாம்னு இவ கையத் தடுத்தேன். தப்பு. என்னை மன்னிச்சிரு விஜயா.”

கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. நெஞ்சு குளிர்ந்து நிமிர்ந்தேன்.

சம்பந்தியம்மா மதினியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை.

“ரெண்டுமா தங்கல?” என்றாள், மெதுவாக, மரியாதையாகத்தான்.

ஒரு வசவு இல்லை. தன் முந்தானையை எடுத்து ஷாலினியின் வயிற்றின் மேல் போட்டு மூடினாள். வாயில் புடவையை வைத்துக்கொண்டு நின்றாள் மதினி. இதற்குப் பயந்துதான் அவ்வளவு தூரம் கெஞ்சினாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் ஷாலினியைப் பார்த்தேன். அத்தை அத்தை என்று என் பின்னாலேயே வளர்ந்த பிள்ளை. ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை விலக்கவில்லை.